மிளகாய் நெடி

சந்தையில் வாங்கும்போதே அந்தக் கன்றுக்கு மூக்கு ஒழுகியது. செங்கோடன் அதைப் பொருட்படுத்தாமல் மற்ற கன்றுகளோடு சேர்த்துக் கட்டினான். காய்ச்சலும் மூச்சிரைப்பும் பரவி, ஒரே வாரத்தில் அந்தக் கன்றும் தொழுவத்துக் கன்றுகள் இரண்டும் செத்துப்போயின. மிஞ்சிய ஒரு கன்றை அவன் மனைவி பாவாயி சமையலறைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நோய்க் கன்றுகளைத் தொட்டவர் இதை நெருங்கக் கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்ததால், செங்கோடன் வாசலோடு நின்றுகொண்டான்.

"நாந்தான் கொன்னுபோட்டேன்" என்பதைத் தவிர இரண்டு நாளாக அவனிடம் வேறு பேச்சில்லை. சோறும் இறங்கவில்லை. இன்று மத்தியானம்தான் தட்டை வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான். முதல் கவளத்தை உருட்டும்போது உள்ளே கன்று இருமியது.

அவன் கை அப்படியே நின்றது. "ஆரு இருமுனது?"

"நாந்தானுங்க. மொளகாய் நெடி."

"நெசமாவா?"

பாவாயி தொண்டை வலிக்க இருமிக் காட்டினாள். அவன் சாப்பிட்டு எழுந்ததும் டாக்டரைக் கூட்டிவரச் சொல்லிவிடலாம். இந்த ஒரு தட்டுச் சோறு மட்டும் உள்ளே போகட்டும்.

அவன் கவளத்தை வாயில் போட்டான். அவள் உள்ளங்கைக்குக் கீழே கன்றின் விலா மறுபடியும் எக்கியது. பாவாயி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டாள்.