குகை மீனின் அடையாளம்

"ஜீனத், ஓடியா. வெளிய வந்துடுச்சு."

நாற்பத்தோரு நாளில் இந்தக் கூப்பாட்டை அவள் பத்துப் பன்னிரண்டு முறை கேட்டாயிற்று. பெரும்பாலும் அது நீர்க்குமிழியாக இருக்கும். ஒருமுறை, தொட்டிக் கண்ணாடியில் தெரிந்த, கூப்பிட்ட புருஷன் நூருல்லாவின் சொந்த மூக்கு.

கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.

நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய மனுஷன். இனி சிகரெட்டைத் தொட்டால் ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை சும்மா இருந்தால் சட்டைப்பையைத் தடவுமே என்று, 'மீன் வளருங்களேன்' என ஜீனத்தே தன் வாயால் சொல்லித் தொலைத்தாள்.

நாலு கலர் மீன் வரும் என்று பார்த்தால், உப்புத் தண்ணீர்த் தொட்டியும், பவளப்பாறைக் குகைகளில் ஒளிந்து வாழும் நகமளவு மீன் ஒன்றும் வந்து இறங்கின. வந்த அன்றே கல்லுக்குள் போனதுதான்.

எப்படி அடையாளம் காண்பது என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு தொட்டியில் ஒட்டியிருந்தது. ஊதா உடம்பு. முதுகுத் துடுப்பில் ஒரே ஒரு கரும்புள்ளி. குகைக் கூரையை ஒட்டி, வயிறு மேலாகத் தலைகீழாக நிற்கும்.

"மலைக் குகையில இருக்கிற சாமியாருங்களே பௌர்ணமிக்கு வெளிய வந்துடுறாங்க" என்று பக்கத்து வீட்டு ஆராயி தினமும் நொடித்துவிட்டு, தினமும் வந்து எட்டிப் பார்த்தாள்.

இப்போதும் வந்து நின்றாள். குகை வாயில், கல்லை ஒட்டி, ஊதா. கரும்புள்ளி. வயிறு மேலே.

"சீட்டுல போட்டபடியே இருக்குதே பாய். ஒண்ணுகூட தப்பல."

நூருல்லா சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு இதுதான் முதல் சிரிப்பு. கடைக்காரரிடம் சொல்ல, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவுக்குச் சொல்ல ஆராயி போனாள்.

ஜீனத் குனிந்து பார்த்தாள்.

அவள் தூவிய தீனி மீனின் மூக்கை உரசிக்கொண்டு போனது. மீன் வாய் திறக்கவில்லை. செவுளும் அசையவில்லை.

வாசலில், பேச்சு மும்முரத்தில், அவர் கை சட்டைப்பைவரை போய், அதுவாகவே கீழே இறங்கியது.

"பாழாப்போனது, இன்னும் நாலு மாசம் உள்ளயே கெடந்தா என்ன" என்று முணுமுணுத்தபடி, அவள் கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, தண்ணீர் பீய்ச்சும் குழாயைக் குகைப் பக்கம் திருப்பினாள்.

தண்ணீர் தள்ள, மீன் வாலை ஆட்டியது.