மிளகுக்கும் அரித்தது

பொரியும் மிளகும் பிலோமினா டீச்சர் வீட்டில் வளர்ந்த இரண்டு குட்டை டெரியர் நாய்கள். பொரிக்குத் தோலில் ஓயாத அரிப்பு. அதனால் வாரம் இருமுறை டீச்சர் அதை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, மருந்து ஷாம்பு தேய்த்து, நுரை ஊறும்வரை "என் கண்ணு, என் தங்கம்" என்று கொஞ்சிக்கொண்டே இருப்பார். பிறகு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

குளியலறை வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்த மிளகுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அரிப்பு எப்படி வரும்?" என்று கேட்டது.

"அது என்ன கேட்டு வாங்குற பொருளாடா?" என்றது பொரி.

மறுநாள் விடிந்ததுமே மிளகு சொறிய ஆரம்பித்தது. சோபா காலில் உரசியது, தரையில் புரண்டது. டீச்சர் பதறிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். டாக்டர் ஊசி போட்டார். பிஸ்கட்டையும் கோழியையும் நிறுத்தச் சொன்னார். சொறியாமல் இருக்க, கழுத்தைச் சுற்றிப் பெரிய புனல் மாதிரி ஒன்றையும் மாட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மிளகின் காதுக்குப் பின்னால் உண்மையாகவே அரித்தது. காலைத் தூக்கினால் புனலில்தான் பட்டது.

"அக்கா, காலையில நடிச்சேன். இப்ப நிஜமாவே அரிக்குது" என்று அழாத குறையாகச் சொன்னது.

பொரி விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு தன் தலையையும் புனலுக்குள் நுழைத்து, காதோரம் பல்லால் மெல்லக் கொறித்துவிட்டது. மிளகின் வால் படபடவென்று தரையில் அடித்தது.

வெகுநேரம் கழித்துப் பொரி கேட்டது: "இன்னுமா அரிக்குது?"

"அது அப்பவே நின்னுடுச்சு அக்கா. நீ நிறுத்தாதே."