மண் சாந்து

கொப்புளம் உடைந்த கையோடு கடைசித் தகரத்தையும் கூரையில் முடுக்கிவிட்டுத்தான் வெளிநாட்டு மாணவர்கள் கீழே இறங்கினார்கள்.

"சுவருக்குச் சிமெண்ட்டே போடலையே, நிக்குமா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"மண் சாந்துதான்மா வீட்டுக்குக் குளிர்ச்சி," என்றார் அவர்கள் மொழி தெரிந்த மேஸ்திரி.

சாவியை வாங்கும்போது வீட்டுக்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாணவி அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

"இனிமே மழைக்குப் பயப்பட வேணாம்கா."

மேஸ்திரி அதை மொழிபெயர்த்துச் சொன்னார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரி மகளோடு வாசலில் நின்று, பஸ் தெருமுனையில் திரும்பும்வரை கையசைத்தாள்.

மேஸ்திரி கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்தாள்.

"ஒவ்வொரு பஸ்ஸுக்கும் உனக்கு எப்படித்தான் அழுகை வருதோ."

"வீட்டைப் பார்த்ததும் வந்துடுதுண்ணே."

"சரி, அடுத்த பசங்க திங்கக்கிழமை வர்றாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கிடணும்."

ஆட்கள் ஏணியைச் சாய்த்தார்கள். அவள் ஜன்னலோரச் செங்கல் ஒன்றை அசைத்தாள். மண் உதிர்ந்து, சேதமில்லாமல் கையோடு வந்தது.

உள்ளே வெறுந்தரையில் படுத்திருந்த மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அம்மா, கூரையை மட்டும் கடைசியா கழட்டச் சொல்லேன். நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்."