இன்னும் ரெண்டு உயிர்

"பாலத்துச் சண்டைல ஆத்துல விழுந்தவன் செத்துட்டான். எழுந்து வரவே இல்ல."

படத்தின் இணையப் பக்கத்தில் இந்த வரி வந்து விழுந்தபோது காலை பத்தே முக்கால். டீச்சர் அதை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. பழகின கை, பழகின பதிலை எடுத்து ஒட்டிவிட்டது.

"கவலைப்படாதீங்க, இன்னும் ரெண்டு உயிர் இருக்கே!"

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. விளம்பர ஆபீசில் வேலை. வண்டை வண்டையாகத் திட்டி எழுதியிருந்தாலும் அதில் ஒற்றுப்பிழை கண்டுபிடிப்பாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் அது. படம் வெளியான நாளிலிருந்து, பார்த்தவர்கள் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் படக்கம்பெனி பேரில் பதில் போடுவது அவள் பொறுப்பு. அவள் எழுதினால் கம்பெனியே வாயைத் திறந்து சொன்ன மாதிரி.

படம், ஒரு வீடியோ கேமை வைத்து எடுத்த சண்டைப் படம். அந்த கேமை ஆடி ஆடிக் கட்டைவிரல் தேய்ந்தவர்களெல்லாம் கொதித்துப்போயிருந்தார்கள்.

"கேம்ல ஒவ்வொரு மாடியா அடிச்சு அடிச்சு ஏறணும். இவரு லிஃப்ட்ல போறாரு!"

"உதை படறதுக்கு முன்னாடியே வில்லன் விழறான். அவனுக்கு வீட்ல என்ன அவசரமோ!"

"பாலத்துல நான் முப்பது தடவை செத்திருக்கேன். ஹீரோவுக்குத் தலைகூடக் கலையல."

டீச்சர் தன் ஆயுசில் ஒரு கேம் ஆடியதில்லை. எதிர் மேஜைக்காரன்தான் சொல்லிக்கொடுத்தான். ஆடுகிறவனுக்கு மூன்று உயிராம். ஒன்று போனால் மிச்சம் இரண்டாம்.

அதை வைத்து அவள் கட்டிய பதில்தான் இது. செத்தேன், செத்தான் என்று யார் எழுதினாலும் இதை ஒட்டிவிடுவாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கவே தெரியாத மேனேஜர்கூட ஒருதடவை பல்லைக் காட்டினார்.

"என்னக்கா, காலைலேர்ந்து எத்தனை பேருக்கு உயிர் குடுத்தீங்க?" என்று பன்னிரண்டு மணிவாக்கில் கேட்டான் எதிர் மேஜைக்காரன்.

"எல்லாருக்கும் குடுத்தாச்சு. உனக்குத்தான் ஸ்டாக் இல்ல, போடா."

சிரித்துக்கொண்டே திரும்பினாள். ஆற்றில் விழுந்தவனைப் பற்றி எழுதிய அதே கணக்கிலிருந்து இன்னொரு வரி வந்திருந்தது. கணக்கின் பேர் 'கடைசி உதை'. ஆள் படத்துக்குப் பதில் கேமில் வருகிற முகமூடி.

"சார், இது என் தம்பி போன். நான் அவன் அக்கா. எனக்குத் தனியா கணக்கு கிடையாது. ஹீரோவுக்குப் பதிலா முகமூடி போட்டுக்கிட்டு விழறது அவன்தான். நான் கதையைச் சொல்லல சார்."

டீச்சர் முதல் வரிக்குப் போய், அதை முழுசாகப் படித்தாள்.

தன் பதிலுக்குக் கீழே பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் பேர் சிரித்திருந்தார்கள்.

கையை ஆட்டி மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து படித்தார்.

"எங்கேயோ வெளியூர்ல எடுத்தது அது. யாருக்கோ கால் பிசகிடுச்சுன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க." கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "உன் பதிலையும் அந்த ரெண்டு வரியையும் தூக்கிடும்மா."

"கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவங்க சார்."

"புரியுது. இது அங்கேயே கிடந்தா நாளைக்கு நீயும் நானும் தெருவுல. அதுவும் புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. தன் கேலியைத் தூக்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த அக்காவின் இரண்டு வரியைத் தூக்கினால்தான், ஒருவன் ஆற்றில் விழுந்தான் என்பதே இல்லாமல் போய்விடும். எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் அவள் விரல் மவுஸ் மேலேயே கிடந்தது.

அதற்குள் மூன்றாவது வரி வந்துவிட்டது.

"சார், ரெண்டு உயிர் இருக்குன்னு கம்பெனியே போட்டிருக்கீங்க. படிச்சதும் கையும் ஓடல, காலும் ஓடல. என் தம்பி உடம்பு மட்டும்தான் கரை ஒதுங்குச்சு. அவனோட ஒரே கயித்துல தொங்கி விழுந்த மத்த ரெண்டு பேரையும் தேடறோம் தேடறோம்னு எட்டு மாசமா சொல்லிட்டிருந்தீங்க. இப்பவாவது வாயைத் திறந்தீங்களே, புண்ணியமாப் போகும். அவங்க ரெண்டு வீடும் எங்க தெருதான், ஓடிப்போய்ச் சொல்லிட்டேன். ஒருத்தரோட அம்மா செருப்புகூடப் போடாம வாசல்ல நிக்கிறாங்க. எல்லாரும் கிளம்பறோம். எந்த ஊரு ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க."

மேனேஜர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மூணு பேரா?" என்றார்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை எதையும் ஒட்டவில்லை. கம்பெனி பேரிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தாள்.

"கிளம்பாதீங்கம்மா."