வயிற்றுவலி மாதம்

“கொக்கி போட்டு இழுக்குற மாதிரி இருக்குங்க டாக்டரையா.”

இராக்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். டாக்டர் அற்புதராஜ் அழுத்திப் பார்த்தார். அவர் கையை எடுத்த பிறகுதான் அவள் “ஆ” என்றாள்.

இதே கொக்கியை அவர் இந்த மாதம் முழுக்கக் கேட்டுவிட்டார். பூனாகலைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னத் தோட்டத்தின் டிஸ்பென்சரியில் அவர்தான் டாக்டர், மருந்து கொடுக்கிறவர், கட்டுப் போடுகிறவர், எல்லாம். சாதாரணமாக நாளைக்கு நாலு பேர் வருவார்கள். இந்த மாதம் பதினொன்று, பன்னிரண்டு. எல்லாருக்கும் வயிறு.

மேசை இழுப்பறையில் கம்பெனிக் கடிதம் கிடந்தது. நோயாளிகள் குறைந்துவிட்டார்களாம். டிஸ்பென்சரியை மூடுவதா வேண்டாமா என்று மாதக் கடைசியில் முடிவெடுப்பார்களாம். அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை, மனைவி மதலேனாவிடம்கூட.

நோய் வரட்டும் என்று அவர் ஜெபிக்கவில்லை. வேண்டாம் என்றும் ஜெபிக்கவில்லை. அதுதான் உறுத்தியது.

பதிவேட்டில் இராக்கம்மாவின் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார். “தண்ணி எங்கேருந்து புடிக்கிறீங்க?”

“மலைத்தண்ணி வர்ற பீலியிலதாங்க. எப்பவும் போல.”

“அதுலதான் என்னமோ கலந்திருக்கு. இன்னிக்கே சுகாதார ஆபீசுக்குச் சொல்லப்போறேன். பி.எச்.ஐ. இன்ஸ்பெக்டரு வந்து தண்ணிய எடுத்துட்டுப் போவாரு. பீலிய அடைப்பாங்க. லயத்து வீடுகள்ல ஒவ்வொரு ஆளுக்கும் ரத்தம் எடுப்பாங்க.”

இராக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இப்பக் கொஞ்சம் தேவலைங்க.”

“ஒனக்குத் தேவல. நாளைக்கு ஒரு பச்சப்புள்ள செத்தா யாரு பதில் சொல்றது? இந்தா, லீவுச் சீட்டு எழுதுறேன். வீட்டுல போய்ப் படு.”

“சீட்டு வேணாங்க. கொழுந்து நிறுவைக்குப் போகணும்.”

இந்த மாதம் வந்த ஒருவரும் சீட்டுக் கேட்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் பார்க்காத ஒழுக்கம். நோய் அவ்வளவு முற்றிப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். சிக்னல் ஜன்னல் ஓரத்தில்தான் வரும். அவர் போய்ச் சேருவதற்குள் இராக்கம்மா ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் கொக்கி மாட்டிய ஒருத்தி அத்தனை வேகமாக எழுந்து அவர் பார்த்ததில்லை.

“போன வைங்க ஐயா.”

“தள்ளு.”

“வயித்துல ஒண்ணும் இல்லைங்க. எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே இல்ல.”

கொழுந்துக் கூடையிலிருந்து ஒரு பையை எடுத்து மேசையில் கொட்டினாள். கரைத்துக் குடிக்கும் ஜீவனி பாக்கெட்டுகள், மாத்திரை உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

“மருந்து வீணாப்போகக் கூடாதுன்னு சேத்து வச்சிருந்தோம். இன்னிக்குக் கடைசி நாளாச்சேன்னு எடுத்தாந்தேன். அலமாரியில வச்சிருங்க.”

அவர் பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடுதாசி சங்கதி யாரு சொன்னா?”

“தோட்டத்து ஆபீசு கூட்டுறது யாரு? எம் மருமக சுபாஜினி. பரீட்சையில இங்கிலீசுக்கு சி எடுத்தவ. தூசி தட்டுறப்ப அங்க இருந்த கடுதாசிக் காப்பியப் படிச்சிட்டா. மாசம் முந்நூறு பேரு வரலைன்னா மூடிருவாங்கன்னு சொன்னா. பீலிக்கு வாய்க்கா வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் விடுவோம்ல? அதே மாதிரி இங்க வர்றதுக்கும் சங்கத் தலைவரு இராசையா முறை போட்டுட்டாரு.”

“சரி, எல்லாருக்கும் எதுக்கு ஒரே கொக்கி?”

“வேற வேற சொல்லித் தொலைங்கன்னுதான் சொன்னேன். மொத நாளு கஜேந்திரன் சொன்னது நல்லாருக்குன்னு அதையே புடிச்சிக்கிட்டாங்க. எருமைங்க.”

அற்புதராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். “இது பொய்க் கணக்கு. அத்தனையும் வெட்டிருவேன்.”

“வெட்டுங்க. ரோடு சரிஞ்ச அன்னிக்கு சுபாஜினிக்குப் புள்ள இந்தப் பெஞ்சுலதான் பொறந்துச்சு. அடுத்தது டிசம்பர்ல. பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில த்ரீவீலர்லயே பெத்துக்கட்டும். நாங்க என்ன செய்ய?”

மழை பிடிக்கும் போலிருந்தது. கீழே நிறுவைக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. இராக்கம்மா போகவில்லை. பேனா முதல் பெயருக்கு மேலே நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு அடுத்த பெயருக்கு நகர்ந்தது. அதற்கடுத்த பெயருக்கும். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மூடியைப் போட்டார்.

“இரநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது,” என்றார். “ஒண்ணு கொறையுது.”

இராக்கம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள்.

“லயத்துல எல்லா வீடும் முடிஞ்சிருச்சுங்க. ஒங்க வீட்டு வயித்துவலிதான் பாக்கி.”