சத்தம் புகாத அறை

காதுமடலைக் கவ்விய கிளிப், எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய மின்சாரத்தை நரம்புக்குள் அனுப்பிக்கொண்டிருக்க, பஸ் டிரைவர் நாற்காலியில் நெளிகிறார். காதுக்குள் ஓயாமல் அடிக்கும் விசில் இந்த ஆராய்ச்சியிலும் அடங்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். தூக்கமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடிக்க அவருக்கே பயமாக இருக்கிறது. எதிரே ஆராய்ச்சித் தலைவர், உலகத்துக் காதுகளையெல்லாம் குத்தகைக்கு எடுத்தவர்போல சோதனையைப் பார்க்க வந்த விருந்தினர்களிடம் முழங்குகிறார். "இரைச்சல் காதுல இல்லீங்க, மூளையோட கெட்ட பழக்கம். நரம்பை லேசா தட்டிக்கொடுத்தா பெட்டிப் பாம்பா அடங்கிடும். எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க, அவரே சொல்வாரு." ஏ.சி.யை நிறுத்துகிறார்கள். கனத்த கதவு மூடுகிறது. பஞ்சு பொதிந்த சுவர்கள் மூச்சுச் சத்தத்தைக்கூட விழுங்கிவிடுகின்றன. டிரைவர் கண்ணை மூடித் தேடுகிறார். விசில் அதே இடத்தில், அதே சுருதியில் இருக்கிறது. கண்ணைத் திறந்தால், தலைவரின் சுண்டுவிரல் தலைவரின் காதையே குடைந்துகொண்டிருக்கிறது. தலையை உதறிவிட்டு மறுபடி குடைகிறார். "என்னண்ணே, குறைஞ்சிருக்கா?" என்று கருவியருகே நிற்கும் உதவிப் பெண் கேட்கிறாள். "இல்லம்மா, அப்படியேதான் இருக்கு" என்கிற டிரைவர், தலைவர் பக்கம் பரிவோடு சாய்கிறார். "உங்களுக்கு எத்தனை நாளா சார்?" தலைவர் சட்டென்று விருந்தினர்கள் பக்கம் திரும்புகிறார். "யாராவது ஏதாவது பேசுங்களேன்" என்கிறார், தேவைக்கு மேல் சத்தமாக.