கடல் தெரியற ஜன்னல்

"கடல் தெரியற ஜன்னல் இருந்தாத்தான் டிக்கெட். இல்லேன்னா வேண்டவே வேண்டாம்" என்று மேஜையைத் தட்டினார் வெங்கிடேஸ்வரன்.

மட்டாஞ்சேரி பஜார் முனையில் இருந்த அந்தச் சின்ன டிராவல்ஸ் ஆபீசில் பாண்டிச்செல்வி சிரித்தாள். மார்க்கெட்டில் காய்கறி விற்கும் தென்காசிக்காரரின் மகள் அவள். மேஜையைத் தட்டுகிற ஆட்களை நிறையப் பார்த்தவள்.

"ஜன்னல் கேபினே தாரேன் சாமி. லட்சத்தீவுக் கப்பல்ல புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்கு நான் அதுதான் எடுத்துக் குடுப்பேன். மாசி மாசம் கடல் அடங்கிக் கெடக்கும். தலை சுத்துனா வாயில ஒரு துண்டு இஞ்சி, அது போதும்."

"பேஷ், பேஷ்."

"மூணாம் நாள் கண்ணாடிப் படகு. அடியில பவளம், மீனு எல்லாம் தெரியும். மொபைலுக்கு ரேஞ்சு மட்டும் கிட்டாது."

"அது சாரமில்லை, பரவாயில்லை. பேப்பர் என்னென்ன வேணும், அதைச் சொல்லு கொழந்தே." வெங்கிடேஸ்வரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆதார், போட்டோ. பெர்மிட்டுக்குப் போலீஸ் சர்டிபிகேட்டும் வேணும். ஆள் மேல கேஸ் ஒண்ணும் இல்லேன்னு எழுதி வாங்கணும்."

அதற்காகத்தானே ஐயா அவர் வந்ததே! கப்பலாவது, ஜன்னலாவது!

வெங்கிடேஸ்வரன் கல்யாணச் சமையல் காண்டிராக்டர். ஓணம் கழிந்த மறுவாரம் ஒரு கல்யாணத்தில் நாலு உருளிப் பாயசம் இறக்கி வைத்திருந்த நேரம், தாலி கட்ட உட்கார்ந்த மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோடு போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போயிற்று. மோசடிக் கேஸாம். பெண்ணைப் பெற்றவர் சமையற்கட்டில் வந்து உட்கார்ந்து அழுததைப் பார்த்த நாள் முதல் இவருக்குத் தூக்கம் போச்சு.

ஏனென்றால் இவருடைய ஒரே மகள் தன்யாவுக்கும் இதே ஊரில், தேவராவில் வரன் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கோவிந்த் கம்ப்யூட்டரில் என்னமோ சொந்தத் தொழில் செய்கிறான். நாலு தரம் விளக்கியும் அது என்ன தொழில் என்று இவருக்குப் பிடிபடவில்லை. அதற்காக, 'உங்க பிள்ளை மேல கேஸ் கீஸ் உண்டா?' என்று சம்பந்தி சங்கர்ராமிடம் வாய்விட்டுக் கேட்க முடியுமா? கேட்டால் கல்யாணம் அன்றோடு நின்றுபோகும்.

இப்படி முழித்துக்கொண்டிருந்தபோதுதான், "கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரையும் லட்சத்தீவுக்கு அனுப்பலாமே. மட்டாஞ்சேரில பாண்டிச்செல்வின்னு ஒரு பொண்ணு நன்னா ஏற்பாடு பண்றாளாம்" என்று சங்கர்ராமே போனில் சொன்னார். வெங்கிடேஸ்வரன் ஒரு தடவை தீவுக்குச் சமையலுக்குப் போய்வந்தவர். என்ன பேப்பர் கேட்பார்கள் என்று அவருக்கு அத்துப்படி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது! ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு என்று அந்த நிமிஷமே ஒத்துக்கொண்டார்.

"சர்டிபிகேட் ரெண்டு பேருக்கும் வேணும் சாமி" என்றாள் பாண்டிச்செல்வி.

"தன்யாவோடது நான் கொண்டுவந்து தரேன். மாப்பிள்ளையோடது வந்த உடனே எனக்கு ஒரு போன் பண்ணு. டிக்கெட் அதுக்கப்புறம் போட்டாப் போறும்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி சாமி" என்றாள்.

தன்யாவின் சர்டிபிகேட் ஒரு வாரத்தில் வந்தது. கவரில் போட்டு ஒட்டி, பாண்டிச்செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளையுடையது வரக் காணோம். வெங்கிடேஸ்வரன் ஒரு பூணூல் கல்யாணத்தில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். இருபது வருஷத்தில் நடக்காத அதிசயம்.

பத்தாம் நாள் மத்தியானம் பாண்டிச்செல்வியின் போன் வந்தது. இடுப்பில் கட்டிய துண்டோடு ஆபீசுக்கு ஓடினார். கோவிந்த் கொடுத்தனுப்பிய பேப்பரை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். வழக்கு எதுவும் இல்லை!

"குருவாயூரப்பா!" கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. தங்கமான பிள்ளையைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது, வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரும் வழியில் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார். "கேட்டியா கொழந்தே, ஒரு சங்கடம் வந்துடுத்து. தன்யாவுக்கு ஜலத்துல கண்டம்னு ஜோஸ்யர் சொல்லிட்டார். கப்பல் வேண்டாம். அவ பேப்பரைத் திருப்பிக் குடுத்துடு."

பாண்டிச்செல்வி டிராயரைத் திறந்து கவரை எடுத்து நீட்டினாள். அவர் ஒட்டிக் கொடுத்த கவர் பிரிந்து கிடந்தது.

"இதை யார் பிரிச்சா?"

"உங்க சம்பந்தி. காலைல வந்து, நின்ன வாக்கிலேயே ரெண்டு தடவை படிச்சுட்டுப் போனாரு."

"என் பொண்ணு பேப்பரையா?" வெங்கிடேஸ்வரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பொண்ணு மேல என்ன சந்தேகம் அவருக்கு? கப்பல்ல போறதுக்குன்னு குடுத்தா, அதைப் பிரிச்சுப் படிக்கறதா? என்ன மனுஷர்!"

'ஜன்னல் கேபின், இரண்டு பேர்' என்று குறித்து வைத்திருந்த தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டபடி பாண்டிச்செல்வி சொன்னாள்:

"மாப்பிள்ளைக்கும் ஜலத்துல கண்டமாம், சாமி."